சாய்வெழுத்தின் குடியுரிமை

"இன்னா தம்பி, இது மட்டும் சாஞ்சி கெடக்குது? மிஷின் கோளாறா?"

கேட்டவர் ஒரு சிறுகதையாசிரியர். விழுப்புரம் பக்கத்துக்காரர். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அவருடைய கதையொன்று ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, ஒரு தொகுப்பில் சேர்க்கப்படுவதற்காக மெய்ப்பு வந்திருந்தது. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அதற்குமேல் வராது. அதனால் என்னைக் கூப்பிட்டிருந்தார். சாவு வீட்டுக் கதை. பறை என்ற சொல் 14 இடங்களில் வருகிறது. 14 இடத்திலும் சாய்ந்திருந்தது. அதில் ஒரு பக்கத்தில் ஊர்த்தெருக்காரன் ஒருவன் வாயிலிருந்து வரும் வசவை மொழிபெயர்ப்பாளர் 'பாரையா' என்று ஆங்கிலமாக்கியிருந்தார். அது நிமிர்ந்து நின்றது.

ஆங்கிலத்தில் அந்நியச் சொல் வந்தால் சாய்த்துப் போடுவார்கள், அது விதி என்று விளக்கினேன். "பறை அவங்களுக்குத் தெரியாது, சரி. இது மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது?" என்றார். பதில் இல்லை என்னிடம்.

நான் தமிழ் எம்.ஏ. எழுத்ததிகாரத்தை இரண்டு தடவை படித்தவன். (ஒரு தடவை பாடமாக. இன்னொரு தடவை ஏன் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.) எழுத்தின் பிறப்பு, மாத்திரை, புணர்ச்சி எல்லாம் ஒப்பிப்பேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் காகிதத்தில் கிடக்கிற எழுத்தின் உடம்பைப் பற்றி, அது நிற்கிறதா சாய்கிறதா, யார் வெட்டியது, யார் கூலி கொடுத்தது என்றெல்லாம் எந்த வகுப்பிலும் எவரும் பேசியதில்லை. எழுத்ததிகாரம் படித்தோம், எழுத்தின் அதிகாரம் படிக்கவில்லை. பிரதியைக் கட்டுடைக்கிறோம் என்று இத்தனை வருஷம் கத்திக்கொண்டிருந்த நாம், பிரதி எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

இட்டாலிக் என்று நாம் சொல்லும் சாய்வெழுத்து யாருக்கும் ஒத்தாசையாகப் பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸில் நிக்கோலோ நிக்கோலி என்றொரு அறிஞர் இருந்தார், 1437இல் இறந்தவர். பழைய லத்தீன் ஏடுகளைத் தேடிப்பிடித்துத் தன் கைப்படப் படியெடுத்துக்கொள்வது அவர் வேலை. நிறைய எழுத வேண்டும், சீக்கிரமாகவும் எழுத வேண்டும். அப்போது கை என்ன செய்யும்? பேனாவைத் தூக்காமல் ஓரெழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். எழுத்து ஒடுங்கும், வலப்பக்கம் சாயும். சாய்வு என்பது வேகத்தின் தழும்பு. நளினம் என்று இன்று நாம் வியப்பதெல்லாம் அவசரத்தில் வந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கை போப்பின் அலுவலகத்து எழுத்தர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆணை மடல்கள் இதில் எழுதப்பட்டன. கான்செல்லரெஸ்கா என்று அதற்குப் பெயர். நம் பழைய வழக்கில் கச்சேரி எழுத்து என்று சொன்னால் பொருந்தும். ஆக, அச்சுக்கு வருவதற்கு முன்பே இது அறிஞர்களின் கை, அதிகாரிகளின் கை. விளிம்பிலிருந்தவர்களின் கை அல்ல. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சுக்குக் கொண்டுவந்தவர் வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் அல்டஸ் மனூட்டியஸ். 1500இல் புனித கேத்தரினின் கடிதங்களைப் பதிப்பித்தபோது, அதிலிருந்த மரக்கட்டைப் படம் ஒன்றில் சில சொற்கள் மட்டும் சாய்வெழுத்தில் தலைகாட்டின. 1501இல் வர்ஜில் கவிதைகள். முழுப் புத்தகமும் சாய்வெழுத்தில், உரையில்லை, வியாக்கியானமில்லை, கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே படிக்கக்கூடிய அளவு. அதே வருஷம் பெட்ரார்க், 1502இல் தாந்தே. இடத்தை மிச்சப்படுத்தி ஏழைகளுக்கு மலிவுப் பதிப்புப் போடத்தான் அல்டஸ் சாய்வெழுத்துக்குப் போனார் என்று பல நூல்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். இது சும்மா பேச்சு. கவிதைக்கு ஓர் அடிக்கு ஒரு வரி வேண்டும். எழுத்தை ஒடுக்கினால் வரி குறையாது. வர்ஜிலின் நீண்ட அடி சிறிய பக்கத்தில் மடங்காமல் நிற்கும், அவ்வளவுதான். அந்தப் புத்தகங்கள் மலிவுமல்ல. வாங்கியவர்கள் அரசவைக்காரர்கள், தூதர்கள், படித்த பிரபுக்கள். தங்கள் நண்பர்களின் கையெழுத்து எப்படி இருக்குமோ அப்படியே அச்சிலும் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள்.

இனி கூலிக்காரர் கதை. அல்டஸ் எழுத்து வெட்டவில்லை. வெட்டியவர் பொலோனியாக்காரர் பிரான்செஸ்கோ க்ரிஃபோ. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயம் வார்க்க வேண்டும். அரிசியைவிடச் சின்ன முகம் ஒவ்வொன்றும். அல்டஸின் சாய்வெழுத்தில் கூட்டெழுத்துகளும் ஏராளம். கையெழுத்தில் பேனா ஓடுகிற ஓட்டத்தை, துண்டு துண்டாக நிற்கும் ஈயத்தில் வரவழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1501 வர்ஜிலில் க்ரிஃபோவைப் புகழ்ந்து மூன்றே வரிகளில் ஒரு செய்யுள் உண்டு. பாராட்டு அத்தோடு சரி. உரிமை அல்டஸுக்கு. வெனிஸ் அரசிடம் தனியுரிமை வாங்கினார். ஆறாம் அலெக்சாண்டர் போப்பிடமும் வாங்கினார். தான் வெட்டிய எழுத்தை இன்னொரு அச்சகத்துக்கு வெட்டிக் கொடுக்க வெட்டியவருக்கே வெனிஸ் எல்லைக்குள் வழியில்லாமல் போனது.

க்ரிஃபோ வெளியேறினார். 1503இல் ஃபானோ நகரில் சொன்சினோ என்ற யூத அச்சகர் பெட்ரார்க் பதிப்பொன்று கொண்டுவந்தார். அதன் முன்னுரையில், இந்த எழுத்தை முதலில் கண்டுபிடித்து வடித்தவர் இந்தப் பிரான்செஸ்கோதான், புகழ் தேடிக்கொண்டது வேறு ஆட்கள் என்று அல்டஸ் பெயரைச் சொல்லியே எழுதினார். ஒரு தொழிலாளிக்காக 500 வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட மறுப்பு. நமது சிறுபத்திரிகைச் சண்டைகளுக்கெல்லாம் மூத்த சண்டை இது. லியோன் நகரத்துக்காரர்களோ உரிமையெல்லாம் பார்க்கவில்லை. அல்டஸின் புத்தகங்களை அதே எழுத்துச் சாயலில் திருடிப் போட்டார்கள். 1503இல் அல்டஸ் ஓர் எச்சரிக்கை அறிக்கை விட்டார், திருட்டுப் பதிப்பில் இன்னின்ன இடத்தில் இன்னின்ன பிழை என்று. லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்தே பிழை திருத்திக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷமான கதை கிடையாது.

க்ரிஃபோவின் முடிவு சோகம். 1516இல் பொலோனியாவில் சொந்தமாகச் சிறு சிறு புத்தகங்கள் போடத் தொடங்கினார். மருமகனை இரும்புத் துண்டால் அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். 1518க்குப் பிறகு அவரைப் பற்றிய தடயம் எதுவும் இல்லை. பெயர் சூட்டலிலும் வஞ்சனை தொடர்ந்தது. 1496இல் பியெத்ரோ பெம்போ என்ற பிரபுவின் சிறு நூலுக்காக க்ரிஃபோ வெட்டிய நேரெழுத்தை 1929இல் மோனோடைப் நிறுவனம் மீட்டெடுத்தபோது அதற்கு வைத்த பெயர் பெம்போ. அதாவது நூலாசிரியர் பெயர். அதோடு சேர்த்த சாய்வெழுத்து க்ரிஃபோவுடையதுகூட இல்லை. தாலியெந்தே என்ற எழுத்தாசானின் மாதிரியிலிருந்து எடுத்தது. 1954இல் ஹெர்மன் ட்சாப்ஃப் செய்த எழுத்துரு ஒன்றுக்கு அல்டஸ் என்று பெயர். பிளாடோ என்றொரு அச்சகருக்கு எழுத்துரு இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்துக்குக்கூட இருக்கிறது. க்ரிஃபோ பெயரில் ஓர் எழுத்து வந்தது, 1929இல் மார்டர்ஸ்டைக் என்பவர் தன் சொந்தக் கையச்சகத்துக்காகச் செய்வித்தபோது. பெரிய நிறுவனத்துக்குத் தோன்றாதது ஒரு கையச்சகத்துக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த எழுத்தின் அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசியல் பேசுகிறவன் அழகைப் பேசக்கூடாது என்று நம்மில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அர்ரிகியின் கை. லுடோவிகோ அர்ரிகி ரோமில் போப்பின் மடல்களைப் படியெடுத்தவர். 1522 என்று தேதியிட்ட சிறு கையேட்டில் கச்சேரி எழுத்தை யாரும் கற்றுக்கொள்ளும்படி படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அச்சிலும் இறங்கினார். 1925இல் ஃபிரெடெரிக் வார்ட் அந்த எழுத்தைப் புதிதாகச் செய்வித்து அர்ரிகி என்றே பெயரிட்டார். அதை ஒரு பக்கம் முழுக்க வைத்துப் பாருங்கள். ரோமன் எனப்படும் நேரெழுத்தில் ஆங்கிலச் சின்ன 'ஏ' இரண்டு மாடி வீடு மாதிரி. இதில் ஒரே வளைவு, ஒரு வால். 'எஃப்' கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. நேரெழுத்தின் காலடியில் பாதம் வைத்தது போலச் செரிஃப் கட்டை இருக்கும். இதில் அந்தக் கட்டைக்குப் பதில் உள்ளே நுழையும்போது ஒரு கீற்று, வெளியேறும்போது ஒரு கீற்று. ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் விடுகிறது. சாய்வு என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். அல்டஸின் பக்கங்களில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை. சின்னதாக நிமிர்ந்து நின்றன. ஆகவே இட்டாலிக் என்றால் சாய்வு என்பதே பாதி உண்மைதான். அதன் சாரம் வேறு எலும்புக்கூடு. சாய்வு அந்த உடம்பின் நடை.

(அர்ரிகி சம்பந்தமாக ஒரு கிளைச்செய்தி. 1524இல் த்ரிஸ்ஸினோ என்ற அறிஞர் இத்தாலிய மொழியின் 'எ', 'ஒ' உயிர்களில் விரிந்த ஒலியையும் குவிந்த ஒலியையும் பிரித்துக்காட்டக் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்கச் சொன்னார். அச்சிட்டுக்கொடுத்தவர் அர்ரிகி. இத்தாலியில் அது எடுபடவில்லை. இரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு இத்தாலியர், பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்கிறோம், தமிழின் எகர ஏகார, ஒகர ஓகாரங்களைப் பிரித்தெழுத வழி சொன்னார், அது நின்றுவிட்டது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை.)

தனக்கென எலும்பும் நடையும் உள்ள இந்த எழுத்து எப்போது வேலைக்காரனாயிற்று? 16ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. பிரான்ஸின் அச்சகங்களில் நூலின் உடல் நேரெழுத்தில், முன்னுரையும் சமர்ப்பணமும் சாய்வெழுத்தில் என்று பாகம் பிரித்தார்கள். பிறகு ஒரே வரிக்குள் இரண்டையும் கலந்தார்கள். 1560 ஜெனிவா பைபிளில், மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர் பொருள் விளங்கச் சேர்த்த சொற்கள் சாய்வெழுத்தில் போடப்பட்டன. பின்னாளைய கிங் ஜேம்ஸ் பதிப்புகளிலும் அப்படியே. சாய்ந்தால் 'இது மூலத்தில் இல்லை' என்று அர்த்தம். 1623 ஷேக்ஸ்பியர் தொகுப்பில் பாத்திரப் பெயரும் மேடைக் குறிப்பும் சாய்வெழுத்தில். அங்கே சாய்ந்தால் 'இதைப் பேசாதே' என்று அர்த்தம். அழுத்தம், நூற்பெயர், கப்பல் பெயர், அந்நியச் சொல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதன் தலையில் ஏறின. ஒன்றுக்கொன்று முரணான இந்த வேலைகளுக்குப் பொது அம்சம் ஒன்றே: பேச்சின் இயல்பான தளம் நேரெழுத்து; சாய்வு என்பது அந்த இயல்பிலிருந்து விலகல். போப்பின் கச்சேரியில் இயல்பாக இருந்த அதே வடிவம், வேறொன்று இயல்பாக்கப்பட்டதும் மற்றமையின் சின்னமாகிவிட்டது. அர்த்தம் வடிவத்துக்குள் இல்லை. பக்கத்தில் யார் நிமிர்ந்து நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

இதை வெளிப்படையாகச் சொன்ன புண்ணியவான் ஸ்டான்லி மோரிசன். 1926இல் இலட்சிய இட்டாலிக் பற்றி எழுதிய கட்டுரையில், துணையாக வரும் எழுத்துக்குத் தனி வடிவம் எதற்கு, நேரெழுத்தையே சாய்த்துவிட்டால் போதும் என்கிற வாதத்தை வைத்தார். வேலைக்காரனுக்குத் தனி முகம் வேண்டாம், எஜமானின் பழைய சட்டை போதும் என்பதுதான் இதன் சாரம். அவர் முன்னின்று கொண்டுவந்த டைம்ஸ் நியூ ரோமனில் (1932) இந்த இலட்சியம் செல்லுபடியாகவில்லை; அதன் சாய்வெழுத்துக்குப் பழைய முகமே இருந்தது.

மோரிசனின் ஆசை நிறைவேறிய இடம் எது தெரியுமா? தமிழ்ப் பக்கம்.

எங்கள் ஊர் டி.டி.பி. கடை அண்ணன் ஒருவர் 90களிலிருந்து சிறுபத்திரிகைகளுக்கு வடிவமைப்புச் செய்கிறவர். பழைய பேஜ்மேக்கரைத் திறந்தால் முதலில் ஒரு தலை வரும் என்பார். "தொப்பி போட்ட ஆளு, பக்கவாட்டுல பாத்துக்கிட்டிருப்பான். யாருன்னு தெரியாது." அந்த ஆள் அல்டஸ் மனூட்டியஸ்தான். பால் பிரெய்னெர்ட் 1984இல் தொடங்கிய நிறுவனத்துக்கு அல்டஸ் என்று பெயர் வைத்தார். 1985இல் பேஜ்மேக்கர் வந்தது. 1994இல் அடோபி நிறுவனத்தோடு இணைந்தது. கட்டுடைப்பும் பின்நவீனத்துவமும் பேசிய எத்தனையோ தமிழ்ச் சிறுபத்திரிகைகள் அந்த மென்பொருளில் பிறந்தவைதான். அதில் இட்டாலிக் பொத்தான் ஒன்று இருந்தது. அமுக்கினால் தமிழ் எழுத்து அப்படியே சில டிகிரி சரியும். வேறு எலும்பு கிடையாது, வேறு நடை கிடையாது, நுழையும் கீற்றும் வெளியேறும் கீற்றும் கிடையாது. 'ஞ'வின் சுழி நசுங்கும், 'ண'வின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி ஒரு பக்கம்.

தமிழுக்கு இட்டாலிக் இல்லாதது ஒரு குறையுமல்ல. ஓலையில் ஆணி கீறும்போது வரும் ஓட்டம் வேறு, அகல நிப்புப் பேனாவின் ஓட்டம் வேறு. தமிழிலும் விரைந்தோடும் கை உண்டு. பத்திரப்பதிவு அலுவலகத்துப் பழைய தாள்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கையிலிருந்து ஓர் அச்செழுத்தை யாராவது வடித்தால், முழுக் கவிதைத் தொகுப்பையே அதில் போடலாம். அதை எதிர்பார்க்கிறேன். பொத்தானை அமுக்கிச் சரித்த எழுத்தை அல்ல.

நம்மிடமும் இதே வேலை வேறு உருவத்தில் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் ஆங்கிலப் பதிப்பாளரை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. கதையில் வட்டாரச் சொல் வந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்கிறோம். ஆசிரியர் கூற்று பொதுத்தமிழில், பாத்திரம் பேசினால் மட்டும் பேச்சுமொழி; நடுவில் மேற்கோள் குறி என்ற வேலி. ஊரும் சேரியும் போல. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' ஏன் அவ்வளவு பேரைச் சங்கடப்படுத்தியது? அதன் உள்ளடக்கத்தால் மட்டுமல்ல. கதைசொல்லியின் குரலே பேச்சுத் தமிழாக இருந்தது. வேலி இல்லை. எந்தச் சொல்லை அந்நியம் என்று ஒதுக்குவது என்ற கேள்வியையே அது வாசகரிடம் திருப்பிவிட்டது. நானும் ஒரு தொகுப்புக்கு மெய்ப்புப் பார்த்தபோது 'கெடக்குது'வுக்கெல்லாம் மேற்கோள் போட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, கையே போட்டது.

அக்காவின் மெய்ப்புக்கு வருவோம். சிகாகோ கையேடு போன்ற நடைக் கையேடுகளின் விதி இது: வாசகருக்குப் பழக்கமில்லாத அந்நியச் சொல்லைச் சாய்த்துப் போடு, ஆங்கில அகராதியில் ஏறிவிட்டதென்றால் நிமிர்த்திவிடு. அகராதிதான் இங்கே குடியேற்ற அதிகாரி. தமிழிலிருந்து போய் அந்த அதிகாரியிடம் முத்திரை வாங்கிய சொற்களைப் பாருங்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். ஏற்றுமதியும் சாப்பாடும். அந்த வரிசையில்தான் 'பாரையா'வும். பறையடிப்பவர் என்ற பொருளிலிருந்து வந்த சாதிப் பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறி, பிறகு 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொதுச்சொல்லாகி, இன்று நாடுகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும்கூடப் பயன்படுகிறது. 400 வருஷக் குடியுரிமை. பறைக்கு அது இல்லை. இழிவு உள்ளே போய்விட்டது, கருவி வாசலில் சாய்ந்து நிற்கிறது. பறையைத் தூக்கியெறிவதா, கலையாக மீட்பதா என்று 90களில் நம்மிடையே நடந்த விவாதம் எதுவும் அந்த அகராதியை எட்டவில்லை. இதில் எந்தத் தனி மனிதரின் கெட்ட எண்ணமும் இல்லை. விதி தானாகச் செய்கிறது. அதனாலேயே இது கவனிக்கத் தக்கது.

மொழிபெயர்ப்பாளரிடம் தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர். "சாய்வு இல்லாட்டா வாசகர் அச்சுப்பிழைன்னு நினைச்சிருவாங்க தோழர்" என்றார். அந்தப் பயம் நியாயம்தான். சாய்வு வாசகருக்கு ஒரு மரியாதை என்று வாதிடுவோரும் உண்டு. நான் யூனோ டியாஸை எடுத்துக்காட்டினேன். 2007இல் வந்த அவர் நாவலில் ஸ்பானியச் சொற்கள் நிமிர்ந்தே நிற்கின்றன; படித்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை. இந்தோனேசியக் கவிஞர் கைரானி பரோக்கா 2020இல் இந்தச் சாய்க்கும் வழக்கத்தை எதிர்த்துத் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். யாருக்கு அந்நியம் என்ற கேள்வியை ஆங்கிலத்துக்குள் இருந்துகொண்டே கேட்கிறவர்கள் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பதிப்பகத்துக்கு எழுதினார். அங்கிருந்து சமரசம் வந்தது: முதல் முறை வரும்போது மட்டும் சாய்வு, மற்ற 13 இடத்திலும் நிமிர்த்திவிடுகிறோம்.

அக்காவிடம் சொன்னேன். "மொத தடவ வணக்கம் சொல்லணும், அப்புறம் உக்காரலாம், அப்பிடித்தானே" என்று சிரித்தார். சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்குப் புத்தகம் வந்தால் போதும் என்றிருந்தது, அதில் தப்பில்லை. வசவுச் சொல்லை மாற்றக் கேட்டோம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை என்றார் மொழிபெயர்ப்பாளர். மூலத்தில் அக்கா எழுதிய சொல்லை அப்படியே விடலாமே என்றேன். விட்டால் அது சாயும்.

இந்தச் சிக்கலில் நான் நிற்கிறேன். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தோழர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் நல்லது. குறிப்பாக, எந்தச் சொற்களைப் பதிப்பகம் கேட்காமலே நிமிர்த்தியது, எவற்றுக்குச் சண்டை போட வேண்டியிருந்தது என்ற பட்டியல் இருந்தால் அனுப்புங்கள்.